பறவையில் படாத ரவைகள்

(மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பை அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு, இந்த நூலகத்துக்கு நாள் தவறாமல் வரும் பெரியவர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "பறவை சுடத் தோட்டா எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு நம்ம ஊர்ல எதுக்கு ஐயா பேச்சு? இங்க சுட்டா ஜெயில்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் செய்த திருத்தத்தோடு, உரிமம் வாங்கி வேட்டையாடும் பழைய வழியும் அடைபட்டது. கௌதாரியைச் சுடுவது இங்கே குற்றம். அது குற்றமாகவே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நான் பேசப்போவது வேறொரு நாட்டில் நடப்பதைப் பற்றி. ஆனால் அதற்குள் ஒரு உலோகத்தின் கதை இருக்கிறது. அந்த உலோகம் நம் ஊர் மீனவரின் வலையிலும் இருக்கிறது. பெரியவருக்கு நான் தர வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது. பேச்சின் முடிவில் அதற்கு வருகிறேன்.

நான் உலோகவியல் படித்தவன். வேலைக்காக அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளம், சோளம், இடையிடையே புல்வெளி, பள்ளங்களில் சம்பங்கோரை மண்டிய குட்டைகள். அந்த மண்ணின் பெருமை ஃபெசன்ட் என்ற பறவை. மயில், காட்டுக்கோழி, கௌதாரி, காடை எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்தில் ஒன்று. சேவலுக்குச் செம்புநிற உடல், பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். இது அந்த ஊர்ப் பறவையே இல்லை. ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி என்பவர் 1880-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஆரிகன் மாநிலத்துக்குக் கப்பலில் அனுப்பினார். அங்கிருந்து பரவியது. தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் மாவட்டத்தில் 1919-இல் முதன்முறையாக ஒரே ஒரு நாள் வேட்டைக்கு அனுமதி கிடைத்தது. 1943-இல் அது அம்மாநிலத்தின் பறவையாகவே அறிவிக்கப்பட்டது.

காடை, கௌதாரி, ஃபெசன்ட், கிரவுஸ் போன்ற, தண்ணீரை நம்பி வாழாமல் புல்லிலும் புதரிலும் வாழும் பறவைகளை அங்கே 'மேட்டுநிலப் பறவைகள்' என்பார்கள். நம் திணைக் கணக்கில் சொன்னால் முல்லை நிலத்துப் பறவைகள். அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை ஃபெசன்ட் பருவம் தொடங்கும். ஒருவர் நாளொன்றுக்கு மூன்று சேவல் மட்டுமே சுடலாம். பெட்டையைத் தொடக் கூடாது. வேட்டைக்காரர் கட்டும் உரிமப் பணமும், துப்பாக்கி தோட்டா மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்கப்படும் வரியும்தான் அங்கே காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெரும் செலவைத் தாங்குகின்றன. அவர்கள் வழி அது. அதற்கும் ஒரு நெறி உண்டு என்பதை நான் அங்கே வாழ்ந்து தெரிந்துகொண்டேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் என்னை அழைத்தார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து தேர்ச்சி பெற்று, உரிமம் வாங்கிக்கொண்டு அவரோடு போனேன். இரண்டாவது ஆண்டு டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடமிருந்த தோட்டா தீர்ந்துவிட்டது. கடையில் மலிவாகக் கிடைத்த எட்டாம் எண் தோட்டாப் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அது காடைக்கும் புறாவுக்கும் உரியது. பருவத்தின் கடைசி நாட்களில் ஃபெசன்ட் சேவல் உஷாராகிவிடும், தூரத்திலேயே எழும்பும். நாற்பது அடி எடுத்து வைப்பதற்குள் ஒன்று படபடவென்று எழுந்தது. சுட்டேன். இறகு பறந்தது. ஒரு கால் தொங்கியது. அது விழவில்லை. அப்படியே சறுக்கி, பனி மூடிய கோரைக்குள் போய் மறைந்தது. பண்ணைக்காரரின் நாய் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடியது. கிடைக்கவில்லை. இருட்டிய பிறகு அவர் என் பையிலிருந்த பெட்டியை எடுத்து, அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அந்த மௌனம் இன்றும் எனக்குக் கேட்கிறது. அந்தச் சேவலின் கதி, களத்தில் நான் விசையை இழுத்தபோது முடிவாகவில்லை. கடையில் பெட்டியை எடுத்தபோதே முடிவாகிவிட்டது.

அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கும்? சற்று நிதானமாகப் படிப்போம்.

முதலில் '12' என்றிருக்கும். நம் ஊரிலும் '12 போர்' துப்பாக்கி என்கிறோம். அது மில்லிமீட்டரும் அல்ல, அங்குலமும் அல்ல. துப்பாக்கிக் குழலுக்குள் சரியாக நுழையும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால் 12 போர். குழலின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட உருண்டை இருபது தேவைப்பட்டால் அது 20 போர், குழல் 15.6 மில்லிமீட்டர்தான். எண் ஏற ஏறக் குழல் குறுகும். துப்பாக்கிக்குப் பெயர் வைத்ததே ஈயம்தான்.

இரண்டாவது, தோட்டாவின் நீளம். 70 மில்லிமீட்டர், 76 மில்லிமீட்டர் என்று உண்டு. இந்த அளவு, சுட்டபின் மடிப்பு விரிந்த நிலையில் எடுத்த அளவு. அதனால் நீளத் தோட்டா, சிறிய அறை கொண்ட பழைய துப்பாக்கிக்குள் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும். அதே போல, 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் தவறிப் போட்டால் அது உள்ளே சறுக்கி நின்றுவிடும். பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்திலேயே செய்கிறார்கள். சட்டைப்பையில் இரண்டு வகையையும் கலந்து வைக்காதே என்பதுதான் வகுப்பில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்.

மூன்றாவதுதான் என் தவறுக்குக் காரணமான எண். ரவையின் எண்.

ரவை என்று சொன்னதும் உப்புமா நினைவுக்கு வரும். தமிழில் துப்பாக்கிக்குள் இடும் சிறு குண்டுக்கும் அதே பெயர்தான். பொருத்தமான பெயர். அமெரிக்க முறையில் பதினேழிலிருந்து ரவையின் எண்ணைக் கழித்தால், அதன் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று கிடைத்துவிடும். நான்காம் எண் ரவை 3.3 மில்லிமீட்டர், சிறு மிளகு. ஆறாம் எண் 2.8 மில்லிமீட்டர். எட்டாம் எண் 2.3 மில்லிமீட்டர், பெரிய கடுகு. பார்வைக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் மூன்று எட்டாம் எண் ரவைகள் சேர்ந்தால்தான் ஒரு நான்காம் எண் ரவையின் எடை வரும்.

ரவை குழலைவிட்டுக் கிளம்பும்போது வினாடிக்கு நானூறு மீட்டர் வரை வேகம், ஒலியைவிட வேகம். ஆனால் காற்று அதை விடுவதில்லை. ஆறாம் எண் ஈய ரவைகூட முப்பத்தைந்து மீட்டர் போவதற்குள் தன் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். சிறிய ரவை இன்னும் விரைவாகச் சோரும். ஐந்தாறு எலுமிச்சை எடையுள்ள காடைக்கு எட்டாம் எண் போதும். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் எழும்பும் கிரவுஸுக்கு ஏழரை பொருந்தும். ஒரு கிலோவுக்கு மேல் எடையும் கெட்டியான இறகும் கொண்ட ஃபெசன்ட் சேவலுக்கு ஆறு, ஐந்து, பருவக் கடைசியில் நான்கு. ரவை தோலைத் தாண்டி உயிர்நிலை வரை போக வேண்டும். போகாவிட்டால் பறவை சாகாது. காயத்தோடு போய்ப் பல நாள் வாடும்.

பெரிய ரவையாகவே எப்போதும் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். தோட்டாவுக்குள் இடம் கொஞ்சம்தான். ஒரு அவுன்ஸ் ஈயத்தில், அதாவது 28 கிராமில், எட்டாம் எண் ரவை சுமார் 410 இருக்கும்; ஆறாம் எண் 225; நான்காம் எண் 135. எண்ணிக்கை குறைந்தால் ரவைக் கூட்டத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாகப் பறவை தப்பும், இல்லையென்றால் ஒற்றை ரவை பட்டுக் காயத்தோடு போகும். ஆழமா, அடர்த்தியா என்ற இந்தத் தராசுதான் தோட்டாத் தேர்வின் சாரம்.

அந்தத் தராசைச் சரிபார்க்க ஒரே வழி, காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது. அடுத்த ஆண்டு கோடையில் பண்ணைக்காரர் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். மரச்சட்டத்தில் பெரிய பழுப்புக் காகிதத்தை ஒட்டினோம். நாற்பது கஜம், அதாவது முப்பத்தாறரை மீட்டர் தள்ளி நின்று சுட்டேன். பிறகு துளைகள் நெருங்கிய இடத்தை நடுவாக வைத்து, நூலில் பென்சிலைக் கட்டி, 76 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்தோம். உள்ளே விழுந்த துளைகளை எண்ணினோம். குழல் முனை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு ரவை வட்டத்துக்குள் விழும். குறுக்கமே இல்லாத குழலில் நூற்றுக்கு நாற்பது, நடுத்தரக் குறுக்கத்தில் அறுபது, முழுக் குறுக்கத்தில் எழுபது என்பது பொதுக் கணக்கு. ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனித் தோட்டாக்கள் ஒரே துப்பாக்கியில் வேறு வேறு கோலம் போடும். பெட்டி சொல்வதை நம்பாதே, காகிதம் சொல்வதை நம்பு என்று கற்றேன்.

அன்று சாயங்காலம் அவருடைய பட்டறையில் ஒரு தோட்டாவைப் பிரித்துக் காட்டினார். மடிப்பை விரித்து ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். ஒன்றேகால் அவுன்ஸ் ஆறாம் எண் ஈய ரவை. சாம்பல் நிறத்தில் பளபளவென்று உருண்டன. கீழே பிளாஸ்டிக் தக்கை. அதற்கும் கீழே வெடிமருந்து. நான் உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்று எண்பத்து இரண்டு. "இதில் ஒரு பறவையை வீழ்த்த எத்தனை தேவை?" என்று கேட்டேன். "நல்ல இடத்தில் மூன்றோ நான்கோ பட்டால் போதும்" என்றார்.

அன்பர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு ரவை பறவைக்கு. மீதி இருநூற்று எழுபத்தெட்டு எங்கே போகிறது? இருபத்தைந்து தோட்டா கொண்ட ஒரு பெட்டியைச் சுட்டுத் தீர்த்தால் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிராம் ஈயம். பறவையில் பட்டதைக் கழித்துவிட்டால் கிட்டத்தட்ட அவ்வளவும் மண்ணில்தான். நாம் தேர்ந்தெடுப்பது பறவையில் படும் நான்கை மட்டுமா? படாத இருநூற்று எழுபத்தெட்டையும் நாம்தானே தேர்ந்தெடுக்கிறோம்?

ஈய ரவைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்ற குழாய் வேலைக்காரர் 1782-இல் ஒரு காப்புரிமை பெற்றார். தன் வீட்டின் மேல் கோபுரம் எழுப்பி, கீழே குழி தோண்டி, உச்சியில் உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக ஊற்றினார். விழும் துளி மழைத்துளி போலத் தானே உருண்டையாகி, கீழே தண்ணீரில் இறுகியது. உலோகவியல்காரன் என்ற முறையில் அந்த எளிமையை நான் வியக்கிறேன். பால்டிமோரில் 1828-இல் கட்டிய 71 மீட்டர் ரவைக் கோபுரம் இன்றும் நிற்கிறது. ஈயம் மலிவு, கனம், சுலபமாக உருகும், குழலைக் கீறாது. துப்பாக்கிக்கென்றே படைத்தது போன்ற உலோகம். ஒரே ஒரு குறை. அது நஞ்சு.

அந்தக் குறையை நான் கண்ணால் பார்த்தது ஒரு சமையலறையில். சுட்டு வந்த சேவலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். பறவைக்குப் பல் கிடையாது. வயிற்றில் அரைவைப்பை என்று ஒன்று உண்டு, கெட்டியான தசை. பறவை பொறுக்கி விழுங்கிய சிறுகற்கள் அதற்குள் கிடந்து, ஆட்டுக்கல் மாவை அரைப்பது போலத் தானியத்தை அரைக்கும். அதைக் கீறிக் கவிழ்த்தபோது பாதி அரைந்த மக்காச்சோளம், பழுப்பும் வெள்ளையுமாகக் கற்கள், அவற்றின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒன்று. விரலில் எடுத்துப் பார்த்தேன். துவரம்பருப்பு போலத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அரைவைப்பையின் தோலில் துளை எதுவும் இல்லை. ஆகவே அது நாங்கள் சுட்ட ரவை அல்ல. எந்த ஆண்டோ, யாரோ சுட்டுத் தவறிய ரவை. கல் என்று நினைத்து அந்தச் சேவல் பொறுக்கித் தின்றிருக்கிறது. தேய்ந்துபோன ஈயம் எங்கே போயிற்று? அமிலத்தில் கரைந்து இரத்தத்துக்குள் போயிருக்கிறது.

வாத்துகளில் இதை வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் 1894-இலேயே இதைப் பற்றி எழுதினார். ஈயம் ஏறிய பறவைக்குக் குடல் முடங்கும். தீனிப்பை நிறைய இரை இருக்கும், ஆனால் கீழே இறங்காது. சிறகு கூரை போலச் சரிந்து தொங்கும். வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகும். ஃபிராங்க் பெல்ரோஸ் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு மூன்று இப்படிச் சாவதாக மதிப்பிட்டார். அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்ய 1991 வரை ஆயிற்று. அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை சிறகுகள் சரிந்தனவோ!

மேட்டுநிலத்துக்கு மட்டும் அந்தத் தடை நாடு முழுவதும் வரவில்லை. காரணம் சொல்கிறார்கள்: சதுப்பில் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் சுடுவார்கள், ரவை குவியும், மேட்டுநிலத்தில் பரந்து சிதறிவிடும் என்று. ஓரளவு உண்மைதான். ஆனால் சிதறினாலும் ஈயம் மக்குவதில்லை. ரவை சுமந்த காயப்பட்ட பறவையைத் தின்னும் கழுகுக்கும் அது போகிறது. சுட்ட பறவையை உண்ணும் வீட்டுக் குழந்தைக்கும் போகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். டென்மார்க் 1996-இல் ஈய ரவையை அடியோடு விலக்கியது. அங்கே வேட்டை நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியா, ராட்சதப் பிணந்தின்னிக் கழுகான காண்டரைக் காக்க, 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் ஈரநிலங்களில் தடுத்திருக்கிறது.

ஈயத்துக்குப் பதில் என்ன? இங்கே என் பாடம் எனக்குக் கைகொடுத்தது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்குச் சற்று மேல். இரும்பு ரவைக்கு 7.9-தான். ஒரே அளவில் இரும்பு ரவை முப்பது சதவீதம் இலேசு, சீக்கிரம் சோரும். ஆகவே இரண்டு எண் பெரிதாகப் போட வேண்டும். ஈயத்தில் ஆறு என்றால் இரும்பில் நான்கு. ஃபெசன்டுக்கு மூன்று, இரண்டு என்றும் போவார்கள். தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இரும்பு கெட்டியானது, குழலைக் காக்கத் தடித்த தக்கை வேண்டும். பழைய மெல்லிய குழலிலும் முழுக் குறுக்கத்திலும் போடக் கூடாது. பிஸ்மத் ரவைக்கு அடர்த்தி 9.6. மென்மையானது, தாத்தா காலத்துத் துப்பாக்கியிலும் சுடலாம். விலை பல மடங்கு. டங்ஸ்டன் கலவை 18 வரை போகும், ஈயத்தையே மிஞ்சும். விலையோ சாமானியருக்கு எட்டாது.

பிஸ்மத் தனியாக இருந்தால் நொறுங்கும். அதில் கொஞ்சம் வெள்ளீயம் கலப்பார்கள். தமிழில் நாம் எவ்வளவு தெளிவாகப் பெயர் வைத்திருக்கிறோம் பாருங்கள்: வெள்ளீயம், காரீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசியதும் வெள்ளீயம். அதில் காரீயம் கலந்தால் விஷம் என்று அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். அதனால் நம்பகமான ஆளிடம்தான் பூசக் கொடுப்பார்கள். பிஸ்மத் ரவையில் நடப்பது அதே தேர்வு. காரீயத்தை வெளியே வைக்கிறார்கள், வெள்ளீயத்தை உள்ளே சேர்க்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டு முதல் நான் இரும்பு ரவை மட்டுமே போட்டேன். முப்பது மீட்டருக்கு மேல் எழும்பிய பறவையைச் சுடவில்லை. பல நாள் வெறும் கையோடு திரும்பினேன். காயத்தோடு கோரைக்குள் எதுவும் போகவில்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஐயா, இங்கே எதற்கு இந்தப் பேச்சு?

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் இருக்கிறது. பெயரைப் பிரித்தால் வேடன், தாங்கல். வேடர்கள் இருந்த ஏரி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். 1798-இல் அந்தப் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பிரிஸ்டலில் ரவைக் கோபுரம் எழுந்து பதினாறே ஆண்டு. தண்ணீரில் விழுவது வயலுக்குப் போகும், வயலில் விழுவது வீட்டுக்கு வரும் என்ற கணக்கு அந்த ஊரார் மனதில் இருந்தது. எந்த ஆய்வுக்கூடமும் அவர்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

இன்று நம் ஏரிகளில் துப்பாக்கிச் சத்தம் இல்லை. ஆனால் வீச்சுவலையின் விளிம்பில் ஈயமணி இருக்கிறது. தூண்டிலில் ஈயக்கட்டி இருக்கிறது. வலை அறுந்தால் அவை அடியில் தங்கும். இங்கிலாந்தில் தூண்டில் ஈயத்தை விழுங்கியே ஏராளமான அன்னப்பறவைகள் மடிந்தன. 1987-இல் சிறு தூண்டில் ஈயங்களைத் தடை செய்த பிறகுதான் அவை மீண்டன. கடையில் இரும்பு எடை கேட்டு வாங்க நம்மாலும் முடியும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஏரிக்கரையில் இருந்தால், ஊர் சேர்ந்து கேட்க முடியும். வேடந்தாங்கல் ஊரார் கேட்டார்களே!

அந்தத் தேய்ந்த ரவையை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் போட்டு இன்று கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் கைமாற்றிப் பாருங்கள், திறக்க வேண்டாம். முதலில் பெரியவர் கையில் தருகிறேன்.